ரெண்டாம் நம்பர் பட்டன்

வாங்கம்மா, வாங்க. செருப்ப வாசல்லயே விடுங்க, இங்க ஒண்ணும் தொலையாது. பெரியார்ல பதினொண்ணேகாலுக்கு ஏறி, புதூர்ல எறங்கி நடந்து வந்திருக்கீங்க. சரிதானே? முழிக்காதீங்க. உங்க செல்போன் கவருக்குள்ள டிக்கெட்டு தெரியுது. மகளிர் கட்டணமில்லா டிக்கெட்டு. முப்பத்தொரு வருஷம் போக்குவரத்துக் கழகத்துல இருந்தவன் நான். கடைசிப் பதினாலு வருஷம் செக்கிங் இன்ஸ்பெக்டர். தலைகீழா இருந்தாலும் டிக்கெட்ட படிச்சிருவேன். நாகமாணிக்கம்னு உங்க ஃபாரத்துல முதல்ல இருக்குமே, அது நான்தான்.

அந்த நாற்காலி ஆடும். இதுல உக்காருங்க.

நேத்தே உங்க ஆபீஸ்லருந்து போன் வந்துச்சு. "சார், உங்க வீட்டு மீட்டர்ல சின்னதா ஒரு சந்தேகம், ஆள் வருவாங்க"ன்னாங்க. எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டுச் சம்பளம் வாங்குனவன் வீட்டுக்கே சந்தேகமா. வரட்டும்னு சொல்லிட்டேன்.

மீட்டருக்கு ஒரு குறையும் இல்ல. பாருங்க, டி.வி.க்கு மேல இருக்கு, தூசி தட்டி வச்சிருக்கேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி உங்க ஆளுங்க வந்து மாட்டிட்டு, கையில இந்த ரிமோட்டையும் குடுத்துட்டுப் போனாங்க. வீட்டுல ஆளுக்கொரு நம்பர். டி.வி. முன்னாடி வந்து உக்காந்தா அவங்கவங்க நம்பர அமுக்கணும், எந்திரிச்சுப் போனா மறுபடி அமுக்கணும். யாரு எதப் பாக்குறாங்கன்னு அத வச்சுத்தான் கணக்கெடுப்பீங்க. வெளிய யாருக்கும் சொல்லக்கூடாதுன்னாங்க, நானும் சொல்லல. எனக்கு ஒண்ணு, வீட்டுக்காரம்மா செண்பகத்துக்கு ரெண்டு, மக அபிநயாவுக்கு மூணு. மக கல்யாணமாகித் திருப்பூர் போனதும் நானே போன் பண்ணி மூணாம் நம்பர எடுக்கச் சொல்லிட்டேன். சட்டம்னா சட்டம்.

என்ன கேக்குறீங்க? இப்ப வீட்டுல எத்தனை பேரா?

சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்குறேன், நீங்க 'துப்பு துரைக்கண்ணு' பாக்குறீங்களா? ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஏழரை மணி. பாக்குறதில்லயா? இந்தத் தொழில்ல இருந்துக்கிட்டு துரைக்கண்ணு பாக்காம இருக்கீங்களேம்மா. சரி, சுருக்கமாச் சொல்லிடுறேன். அது தெரியாம உங்க சந்தேகத்துக்கு நான் பதில் சொல்ல முடியாது.

துரைக்கண்ணு ரேஷன் கடையில எடை போட்டுக்கிட்டு இருந்த ஆளு. வேலை போயிருது. ஒரு மாவு மில்லுக்கு மாடியில ரூம் எடுத்து, துப்பறியும் நிலையம்னு போர்டு மாட்டுறான். கூட யாரு? மச்சினன் அப்பாவு. வெயிலோ மழையோ, துரைக்கண்ணு தலைக்கு மேல குடை பிடிச்சுக்கிட்டே வர்றதுதான் அப்பாவுக்கு வேலை. துரைக்கண்ணு எங்க போனாலும் முதல்ல அங்க இருக்கவன் டிபன் பாக்ஸத் தொறந்து பாத்துருவான். கேக்கல்லாம் மாட்டான். "மனுஷன் வாயால பொய் சொல்லலாம், டப்பா சொல்லாது"ம்பான். தொறந்து, மோந்து பாத்து, ஒருத்தனக் கைகாட்டுவான். அந்த ஆளு குத்தவாளியா இருக்க மாட்டான். ஆனா அவனத் தொரத்திக்கிட்டு ஓடும்போது நெசமான திருடன் மேல போயி முட்டி விழுவான். அதுதான் கதை. வாராவாரம் அதுதான்.

இன்னொண்ணு. யாரு குத்தவாளின்னு துரைக்கண்ணு அறிவிக்கிறதுக்கு வாயத் தொறக்குற நேரத்துக்குச் சரியா கீழ மில்லு ஓட ஆரம்பிச்சிரும். கடகடகடன்னு. இவன் பேசுறது ஒண்ணும் கேக்காது, உதடு மட்டும் அசையும். எல்லாரும் "என்னது, என்னது"ம்பாங்க. நானெல்லாம் வயித்தப் பிடிச்சுக்கிட்டு சிரிப்பேன். செண்பகம் அவ்வளவு சிரிக்க மாட்டா. ஏழு நாப்பதுக்குத்தான் அடுப்படியிலருந்து வருவா, ஈரக் கையோட ரெண்டாம் நம்பர அமுக்குவா. "கையத் தொடச்சுட்டு அமுக்கு, கெட்டுப் போச்சுன்னா நாமதான் பதில் சொல்லணும்"னு நான் கத்துவேன். பாதி நாள் அமுக்கவே மறந்துருவா. அதுக்கும் கத்துவேன்.

ரெண்டு வருஷம் இப்படி நல்லாத்தான் போச்சு. மூணாவது வருஷம் அத எழுதுற ஆளுக்கு என்ன வந்துச்சோ, துரைக்கண்ணத் திருத்த ஆரம்பிச்சிட்டான்.

முதல்ல சின்னச் சின்னதாத்தான். தப்பாப் பிடிச்ச ஆளு அழுவுறத துரைக்கண்ணு கொஞ்ச நேரம் நின்னு பாக்குறான். முன்னாடில்லாம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான், நேரா வடை சாப்பிடப் போயிருவான். அடுத்த வாரம், ஒரு கிழவர் டிபன் பாக்ஸத் தொறக்குறான், உள்ள வெறும் தண்ணி ஊத்துன சோறு. மோந்து பாக்காம மூடி வச்சிட்டான். நான் அப்பவே சொன்னேன், "செண்பகம், இவன் போக்கு சரியில்ல"ன்னு. அவ டி.வி.யவே பாத்துக்கிட்டு, "இந்த ஆளு திருந்துனா நல்லாத்தான் இருக்கும்"ன்னா.

"திருந்துனா நாடகம் முடிஞ்சிரும்டி"ன்னேன்.

"முடியட்டுமே"ன்னா.

அப்ப அத நான் பெருசா எடுத்துக்கல.

அப்புறம்தான் கோயில் மணி காணாமப் போன கேஸு. எல்லார் டப்பாவையும் தொறந்து பாத்துட்டு, கடைசியா அப்பாவு டப்பாவத் தொறக்குறான். கூடப் பொறந்தவன் மாதிரி குடை பிடிச்சவன்மா அவன். ஊரே கூடி நிக்குது. அத்தனை பேருக்கு முன்னாடி, "நீதான்டா"ன்னு துரைக்கண்ணு கை நீட்டுறான். அன்னைக்குன்னு பாத்து மில்லு ஓடல. எல்லாருக்கும் தெளிவாக் கேட்டுச்சு. அப்பாவு குடைய மடக்கி துரைக்கண்ணு கையில குடுத்துட்டு நடந்து போயிட்டான். மணி மறுநாளே கெடச்சிருச்சு, பாலிஷ் போடக் கொண்டு போயிருந்தாங்களாம்.

அந்த வாரம் செண்பகம் பாதியிலயே எந்திரிச்சுப் போயிட்டா. ரெண்ட அமுக்கிட்டுத்தான் போனா. அது மட்டும் மறக்கல.

அது பங்குனி மாசம். அதுக்கு முந்தின மாசம்தான் எங்க வீட்டு விஷயம் நடந்துச்சு. விஷயம்னு சொல்ல ஒண்ணுமில்ல. சும்மா ஒரு செக்கிங். நீங்க கேக்காட்டியும் சொல்றேன், இல்லாட்டி நீங்களா ஒண்ணு நெனச்சுக்குவீங்க.

செண்பகத்தோட மூக்குக்கண்ணாடிக் கூட்டத் தொறந்தேன். தேடலம்மா. தொறந்தேன், அவ்வளவுதான். உள்ள டிக்கெட்டு. ஒண்ணு ரெண்டு இல்ல, முப்பத்தெட்டு. நாலா மடிச்சு, ரப்பர் பேண்டு போட்டு அடுக்கி வச்சிருக்கா. எல்லாம் உங்க கையில இருக்க அதே மகளிர் டிக்கெட்டு. வேற யாராவதா இருந்தா குப்பைன்னு போட்டுருப்பான். எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. கட்டில்ல தேதிவாரியாப் பரப்பி வச்சுப் பாத்தேன். எல்லாமே வியாழக்கிழமை. புதூர்ல ரெண்டே முக்காலுக்கு ஏறியிருக்கா, அழகர்கோவில் வரைக்கும். திரும்ப அழகர்கோவில்லருந்து புதூர். ரெண்டு டிக்கெட்டுலயும் ஒரே மெஷின் நம்பர். அப்படின்னா என்ன அர்த்தம்? ஒரே வண்டி, ஒரே கண்டக்டர். போயிச் சேர்ந்ததுக்கும் திரும்புனதுக்கும் பன்னெண்டு நிமிஷம். டிரைவர் டீ குடிக்கிற நேரம். கோயிலுக்குப் போகல. எறங்கவே இல்ல. வண்டியிலயே உக்காந்திருந்துட்டு அப்படியே திரும்பியிருக்கா. பத்தொம்பது வியாழக்கிழமை.

நீங்களே சொல்லுங்க, எந்த மனுஷனுக்கும் ஒரு கேள்வி வருமா வராதா?

வீட்டுலயே கேட்டிருக்கலாம்தான். அபிநயாவும் போன்ல அதத்தான் சொல்லுச்சு, "அம்மாகிட்ட வீட்டுலயே கேட்டிருக்கலாமேப்பா"ன்னு. வீட்டுல கேட்டா எல்லாரும் ஒரு பதில் தயாரா வச்சிருப்பாங்கம்மா. ஓடுற வண்டியில ஏறிக் கேட்டாத்தான் நெசம் வரும். எங்க தொழில்ல அப்படித்தான் சொல்லிக் குடுப்பாங்க.

அடுத்த வியாழக்கிழமை நானும் கூட வேலை பாத்த ஒருத்தரும் அப்பன்திருப்பதியில நின்னோம். வண்டி திரும்பி வருது. கைய நீட்டி ஏறுனேன். இடது பக்கம் மூணாவது சீட்டு, ஜன்னல் ஓரம். செண்பகம் உக்காந்திருக்கா. பக்கத்து சீட்டு காலி. கண்டக்டர் மாயழகு பின்னாடி நிக்கிறான். அம்பது வயசுக்காரன், நல்ல ஆளுதான், சில்லறை விஷயத்துல சுத்தம்.

என்னப் பாத்ததும் அவ சிரிச்சா.

அதத்தான் நான் அப்புறம் ரொம்ப யோசிச்சேன். தப்பு பண்ணவ எப்படிச் சிரிப்பா? என்னமோ நான் அவளக் கூட்டிட்டுப் போக வந்த மாதிரி, பக்கத்து சீட்டுல இருந்த பைய எடுத்து மடியில வச்சுக்கிட்டா. எனக்கு எடம் விடுறா. நான் நின்னுக்கிட்டே, "டிக்கெட்"ன்னேன்.

குடுத்தா.

"எங்க ஏறுனீங்க?"

"அழகர்கோவில்."

"அங்க என்ன வேலை?"

செக்கிங் இன்ஸ்பெக்டருக்கு அப்படிக் கேக்க உரிமை இல்ல. எனக்கே தெரியும். ஏறுன எடமும் எறங்குற எடமும்தான் கேக்கலாம். ஆனா வாயில வந்துருச்சு. அவ, "ஒண்ணுமில்ல"ன்னா. "எறங்கவே இல்லயே, அப்புறம் எதுக்குப் போனீங்க?"ன்னேன். அவ ஜன்னல் பக்கம் பாத்தா. நான் மாயழகு பக்கம் திரும்பி, "இந்தம்மா எப்பவும் உன் வண்டியிலதான் வருமாய்யா?"ன்னு கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். வேற ஒரு வார்த்தை சொல்லல. பின்சீட்டுல யாரோ சிரிச்சாங்க, பூக்கூடை வச்சிருந்த ஒரு பொம்பளை செண்பகத்த மேலயும் கீழயும் பாத்துச்சு. அதுக்கு நான் பொறுப்பா?

செண்பகம் என் கையிலருந்து டிக்கெட்ட வாங்கி, நாலா மடிச்சு, கண்ணாடிக் கூட்டுல வச்சு மூடுனா. கடச்சனேந்தல்ல எறங்கிட்டா. புதூர் வரைக்கும் டிக்கெட் இருக்கு, அவபாட்டுக்கு எறங்கி நடக்கிறா. நான் வண்டிக்குள்ளருந்து பாத்துக்கிட்டே போனேன். டூட்டியில இருக்கேன், எறங்க முடியாதுல்ல.

வீட்டுல வந்து கேட்டேன், "அப்படி எதுக்குத்தான் போற?"ன்னு. "உக்காந்து பாக்கப் போனேன்"ன்னா. "என்னத்தப் பாக்க?"ன்னேன். அடுப்படிக்குப் போயிட்டா. மாயழகுக்கும் நான் ஒரு கெடுதலும் பண்ணல. அந்த ரூட்டுலருந்து மாத்தச் சொன்னேன், அவ்வளவுதான்.

அவ சண்டை போடல, அழுவல. காப்பி குடுத்தா, சட்டை தேய்ச்சுக் குடுத்தா. சித்திரை கடைசியில எனக்கு பணி ஓய்வு விழா, மாலை போட்டு போட்டோ எடுத்தாங்க, பக்கத்துல நின்னா. பாருங்க, அந்தா மாட்டியிருக்கு. அதுல அவ மூஞ்சியப் பாத்தா கோவம் இருக்க மாதிரியா தெரியுது? மறுநாள் காலையில பையத் தூக்கிக்கிட்டு வாசல்ல நிக்கிறா. "அபிநயா வீட்டுக்குப் போறேன்"ன்னா. "எப்ப வருவ?"ன்னேன். "ஞாயித்துக்கிழமை நாடகத்த நீங்களே பாத்துக்குங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா. நாலு மாசம் ஆச்சும்மா.

ஆமா. நீங்க கேட்டதுக்கு பதில் அதுதான். வீட்டுல ஒரு ஆளு.

தெரியும், தெரியும். அந்தத் தாள எனக்குக் காட்ட வேண்டியதில்ல. ரெண்டாம் நம்பர் ஒவ்வொரு ஞாயிறும் ஏழு இருபத்தெட்டுக்கு அமுங்குது. ஒண்ணாம் நம்பர் அமுங்கி ரெண்டே செகண்டுல. எட்டரைக்கு ரெண்டும் ஒண்ணா அணையுது. பதினேழு வாரமா ஒரு நிமிஷம் பிசகல. முன்னாடி ஏழு நாப்பது, ஏழு அம்பது, பாதி நாள் இல்லவே இல்லன்னு இருந்தது இப்ப கடிகாரம் மாதிரி ஓடுது. அதானே உங்க சந்தேகம்? நான் உங்க எடத்துல இருந்தாலும் பிடிச்சிருப்பேன். பொய் சொல்றவன் ரொம்பச் சரியாச் சொல்லுவான்னு புதுசா வர்றவனுக்கெல்லாம் நானே பாடம் எடுத்திருக்கேன். கொஞ்சம் தாமசமா, ஏழு நாப்பதுக்கு அமுக்கியிருக்கலாம். தோணல.

மோசடி பண்ணணும்னு இல்லம்மா. முதல் வாரம் கை தானா போச்சு. அமுக்குனதும் மீட்டர்ல ரெண்டு பச்சை லைட்டு எரிஞ்சுச்சு. எப்பவும் எரியுற மாதிரி. அப்புறம் அமுக்காம இருக்க முடியல.

இருங்க, இன்னும் துரைக்கண்ணு கதை முடியல. அதுதான் முக்கியம்.

அப்பாவு போனப்புறம் பதினெட்டு வாரம் அந்த ஆளு படுற பாட்டப் பாக்கணும். குடைய அவனுக்கு விரிக்கத் தெரியல. மூணு வருஷமா அடுத்தவன் பிடிச்ச குடைதானே. மழையில மடக்குன குடைய கையில வச்சுக்கிட்டே நனையிறான். ஊரே சிரிக்குது, எனக்குச் சிரிப்பு வரல. சேனலுக்குக் கடிதம் போட்டேன். ஒண்ணு இல்ல, மூணு. "ஐயா, துரைக்கண்ணு கதாபாத்திரம் கெட்டுக்கொண்டிருக்கிறது. துப்பறிபவன் சந்தேகப்படுவதற்கு வருத்தப்பட்டால் பிறகு எப்படித் துப்பறிவான்? உடனே சரிசெய்யவும்"னு. பதிலே இல்ல. உங்களுக்கு அந்த சேனல்ல யாரையாவது தெரியுமா? தெரியாதா. நீங்க வேற கம்பெனி, ஆமா.

போன மாசம் அப்பாவு தன்னோட துணிமணி எடுக்கத் திரும்பி வர்றான். மாடிப்படியில அவன் கீழ, துரைக்கண்ணு மேல. வழி விடணும்னா ஒருத்தன் ஒதுங்கணும். துரைக்கண்ணு நாலு படி எறங்கி அவனுக்குக் கீழ வந்து நிக்கிறான். இது எனக்குப் பிடிக்கல, பெரியவன் எதுக்கு எறங்கணும்? சரி, எறங்கிட்டான். வாயத் தொறக்குறான். மில்லு ஓட ஆரம்பிச்சிருச்சு.

கடகடகடன்னு. உதடு அசையுது. ஒரு நிமிஷம் இருக்கும். அப்பாவு கேட்டுக்கிட்டே இருக்கான். அப்புறம் அப்பாவு குடைய வாங்கி விரிக்கிறான். வீட்டுக்குள்ள, மாடிப்படியில. எல்லாரும் கைதட்டுறாங்க, பாட்டு வந்துருச்சு.

என்ன சொன்னான்னே தெரியலம்மா.

அந்தக் கட்டத்த செல்போன்ல திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்துட்டேன். சத்தத்தக் கூட்டி வச்சு, குறைச்சு வச்சு, ஹெட்போன் மாட்டி. உதட்ட மட்டும் பாத்து எழுதலாம்னு நோட்டும் பேனாவும் வச்சு உக்காந்தேன். முதல் வார்த்தை "அப்பாவு". அது தெளிவாத் தெரியுது, உதடு ஒட்டித் தொறந்து குவியுது. அதுக்கப்புறம் ஒண்ணும் பிடிபடல. அந்த வாரத்துலருந்து துரைக்கண்ணு யாரு டிபன் பாக்ஸத் தொறக்குறதுக்கும் முன்னாடி "தொறக்கலாமா?"ன்னு கேக்குறான். எனக்கு எரிச்சலா வருது. ஆனா அந்த ஒரு நிமிஷம் அவன் என்ன சொன்னான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். எனக்கு அந்த மாதிரிப் பேசிப் பழக்கமில்ல. முப்பத்தொரு வருஷமா "டிக்கெட், எங்க ஏறுனீங்க, எங்க எறங்கணும்" இது மட்டும்தான் பேசியிருக்கேன். திருப்பூருக்கு ரெண்டு தடவ போன் போட்டுட்டு, அவ எடுத்ததும் வச்சுட்டேன். எனக்குப் பயமா இருக்கும்மா. அவளப் பாத்து இல்ல. வாயத் தொறந்தா மறுபடி ஏதாவது கேள்வி வந்துருமோன்னு.

என்னது, அவளுக்கு நீங்க போன் பண்ணணுமா? இப்பயா?

விதின்னா பண்ணித்தானே ஆகணும். ஃபாரத்துல அவ நம்பர் இருக்கும். நான் வேணா உள்ள போயிரவா? வேண்டாமா. சரி. போடுங்க. ஸ்பீக்கர்ல போட்டுக்குங்க, இங்கயே இருக்கேன்.

…

வச்சுட்டா.

நீங்க கேட்டீங்கல்ல, நீங்கதான் சாட்சி. ஒவ்வொண்ணாப் பாப்போம். நீங்க விவரம் சொன்னதும், "நான் அங்க இல்லம்மா, என் பேர எடுத்துருங்க"ன்னா. குரல்ல கோவம் இருந்துச்சா? இல்லல்ல. எனக்கும் இல்லன்னுதான் பட்டுச்சு. கோவமே இல்லாமச் சொன்னா. அது நல்லதா கெட்டதா?

நான்தான் உங்க கையிலருந்து போனப் பிடுங்கிட்டேன், மன்னிச்சுக்குங்க. பாருங்க, உங்ககிட்டச் சொல்றப்ப எவ்வளவு சுளுவா வருது. அவகிட்ட என்ன சொன்னேன்? "செண்பகம், துரைக்கண்ணு அப்பாவுகிட்ட மன்னிப்பு கேட்டுட்டான்"ன்னேன். அதுதான் வந்துச்சு. அவ வைக்கல. குழந்தை சத்தம் கேட்டுச்சு, பேரன். அப்புறம் கேட்டா, "என்ன சொன்னான்?"ன்னு.

அவதானே கேட்டா. நாடகமே வேண்டாம்னு போனவ, என்ன சொன்னான்னு கேக்குறா. அந்த எடத்துல ஒருத்தன் என்ன சொல்லியிருக்கணும்? துரைக்கண்ணு சொன்னதா எதையாவது சொல்லியிருக்கலாம். நானாச் சொல்ல முடியாதத அவன் சொன்னதாச் சொல்லியிருக்கலாம். அவளுக்கென்ன தெரியப் போகுது? நான் என்ன சொன்னேன்? "கேக்கல, மில்லு ஓடிருச்சு"ன்னேன். உண்மையச் சொல்லிட்டேன். பொய் சொல்ல வேண்டிய ஒரே எடத்துல உண்மையச் சொல்லிட்டேன்.

அவ "சரி"ன்னா. அப்புறம், "அந்தப் பொண்ணுக்குத் தண்ணி குடுத்தீங்களா?"ன்னா. நான் பதில் சொல்றதுக்குள்ள வச்சுட்டா.

குடுக்கல பாருங்க. வெயில்ல வந்திருக்கீங்க, ஒரு மணி நேரமா நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கேன். திருப்பூர்ல இருந்துக்கிட்டு அவளுக்குத் தெரியுது நான் குடுத்திருக்க மாட்டேன்னு. அவ துப்பறிஞ்சிருந்தா எங்கயோ போயிருப்பா. இருங்க, கொண்டாறேன்.

இந்தாங்க. பானைத் தண்ணி. அந்தப் பெரிய டம்ளர் எங்கருக்குன்னு தெரியல, இதுல குடிங்க.

எடுத்துறீங்களா ரெண்டாம் நம்பர? ஒண்ணையும் ரெண்டையும் நான் சேத்து அமுக்கிப் பிடிக்கணுமா? குடும்பத் தலைவர்தான் பிடிக்கணுமா? நீங்களே பிடிங்கம்மா, நான் அமுக்குனதா எழுதிக்குங்க. இத்தனை வருஷத்துல ஒரு தடவகூட நான் யாரையும் தப்பா எழுதச் சொன்னதில்ல. இன்னைக்குச் சொல்றேன். என்னால அதப் பிடிக்க முடியல.

…

ஒரு லைட்டுதான். சரி.

கையெழுத்து எங்க போடணும்? இங்கயா. தேதி நீங்களே போட்டுக்குங்க.

பஸ்ஸுலதான் போறீங்களா? இப்பப் போனீங்கன்னா பெரியார் வண்டி உடனே கெடைக்கும். ஒரு உதவி கேக்கட்டுமா? உங்க வேலை இல்ல இது, முடியாட்டி விட்டுருங்க. உங்களுக்குத்தான் டிக்கெட்டு இலவசமாச்சே. ஒரு வியாழக்கிழமை நேரம் இருந்தா, புதூர்ல ரெண்டே முக்காலுக்கு அழகர்கோவில் வண்டி வரும். இடது பக்கம் மூணாவது சீட்டு, ஜன்னல் ஓரம் உக்காருங்க. எறங்க வேண்டாம். அப்படியே திரும்பி வந்துருங்க. அங்கருந்து என்ன தெரியுதுன்னு எனக்குச் சொல்லுங்க.

நானே போலாம்தான். ரெண்டு தடவ ஏறுனேன். உக்காந்த கொஞ்ச நேரத்துல பக்கத்துல இருந்த ஆளுகிட்ட கை தானா நீண்டுருச்சு, டிக்கெட்டுக்கு. அவனும் எடுத்துக் குடுத்துட்டான். எறங்கிட்டேன். பதினாலு வருஷம் அந்த ரூட்டுல செக்கிங் போயிருக்கேன்மா. ஒரு நாள்கூட உக்காந்ததில்ல. எல்லார் கையையும் பாத்திருக்கேன், அவங்க எதப் பாத்துக்கிட்டு வந்தாங்கன்னு திரும்பிப் பாத்ததில்ல.

செருப்பு அந்தப் பக்கம் இருக்கு. பாத்துப் போங்க. டிக்கெட்ட பத்திரமா வச்சுக்குங்க, எறங்குற வரைக்கும் கேப்பாங்க.